டர்போ பட்டிங்: கட்டைவிரல் இடம் கண்டது, பார்வைகள் இன்னும் மாறவில்லை

டிஸ்க் கோல்ஃபில், அதாவது தட்டு போன்ற டிஸ்க்கைச் செயின் தொங்கும் பாஸ்கெட்டுக்குள் எறிந்து ஆடும் விளையாட்டில், டர்போ பட்டிங் ஒருவழியாக வசப்பட்டுவிட்டது. பட்டிங் என்பது பாஸ்கெட்டுக்கு அருகிலிருந்து உள்ளே போட எறிவது; டர்போ என்பது டிஸ்க்கை அடியிலிருந்து ஏந்தித் தோளுக்கு மேலிருந்து விடும் முறை. ஏழு மீட்டருக்குள் நின்றால் கை தானாகத் தோளுக்கு மேலே போகிறது, டிஸ்க் ஆட்டமில்லாமல் போய்ச் செயினில் விழுகிறது. பத்து மீட்டர் கோட்டருகே இன்னும் அந்த உறுதி வரவில்லை. காற்று இருந்தால் கேட்கவே வேண்டாம், அதைப் பிறகு சொல்கிறேன். பாஸ்கெட்டைச் சுற்றிய பத்து மீட்டர் வட்டத்தை சர்க்கிள் ஒன் என்பார்கள், அதன் உள்பாதி இப்போது என்னுடையது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன். கூடவே, சேர்ந்து ஆடுகிறவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழகுவதைவிட அந்தப் பார்வைக்கு ஈடுகொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

பிடி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டைவிரல் அடியில், மற்ற விரல்கள் வெளிவிளிம்பில், ஹோட்டல் சர்வர் தட்டு ஏந்துவதுபோல. ஆனால் "கட்டைவிரல் நடுவில்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்களே, அந்த நடு எது என்பதில்தான் என் உழைப்பில் பாதி போயிருக்கிறது.

உங்கள் பட்டரை, அதாவது பட் செய்யும் டிஸ்க்கை, திருப்பி அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். பல டிஸ்க்குகளில் சரியாக மையத்தில் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் இறங்கிய இடத்தின் தழும்பு அது. கட்டைவிரலை நேராக அதன் மேல் வைத்தால் டிஸ்க் சமமாக நிற்கும், கண்ணாடி முன் பார்க்க அழகாக இருக்கும். எறிந்தால் டிஸ்க்கின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, லேசாகத் தூக்கிக்கொண்டு, பாஸ்கெட்டுக்கு முன்னாலேயே வேகம் இறங்கி, பாஸ்கெட்டின் அடித்தட்டு விளிம்பில் இடித்து விழும். கட்டைவிரலை முடிச்சிலிருந்து ஒரு விரல் அகலம் மணிக்கட்டுப் பக்கமாக இழுத்து வைத்ததும் கதையே மாறிவிட்டது. முன்பக்கம் சற்றே கனத்துத் தாழ்கிறது, விளிம்பில் இருக்கும் விரல்கள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன, விடும்போது மூக்கு மட்டமாகவே போகிறது. அந்த ஒரு விரல் அகலம்தான் எல்லாம். இப்போது முடிச்சை நுனிவிரலால் தொட்டுப் பார்த்து, அங்கிருந்து பின்னுக்கு நகர்த்திக்கொள்கிறேன். கண்ணால் பார்க்கவே தேவையில்லை.

அடுத்தது ஆட்டம், அதாவது டிஸ்க் தள்ளாடிக்கொண்டு போவது. டர்போ ஆடுகிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் முதலில் சிரிப்பது இதற்குத்தான். அதற்குக் காரணம் விரல்கள் விலகும் வரிசை. விளிம்பு விரல்கள் விட்ட பிறகும் கட்டைவிரல் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால், அது டிஸ்க்கைக் கீழிருந்து ஒரு இடி இடித்து அனுப்புகிறது. கட்டைவிரல் முதலில் விலக வேண்டும், நடுவிரல் கடைசியில். சொல்வது சுலபம், கைக்குப் புரிய வைப்பது கஷ்டம். நான் செய்தது இது. டிஸ்க்கின் மேலே மையத்தின் வழியாக மார்க்கர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதை விளிம்பிலும் கீழே இழுத்து, பக்கவாட்டில் போனை நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுத்தேன். விளிம்பு ஒரே கோடாகத் தெரிந்தால் சுத்தமான வீச்சு. அது மேலும் கீழும் தடித்து மெலிந்தால் கட்டைவிரல் தாமதம். விளிம்பில் இழுத்த கோடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். சுழற்சி குறையும் நாளில் ஆட்டம் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று விடுவதில்லை.

குறி வைப்பதில் ஒரு சின்ன விஷயம். வலது கையால் பேக்ஹேண்டில் பட் செய்கிறவர்கள் பாஸ்கெட்டின் கம்பத்துக்குச் சற்று வலப்பக்கம் உள்ள செயினைப் பார்ப்பார்கள், டிஸ்க் கடைசியில் இடது பக்கம் சாயும் என்பதால். என் டர்போவில் சுழற்சி அதற்கு எதிராக, ஃபோர்ஹேண்ட் பக்கம் வருகிறது, முடிவில் வலப்பக்கம் சாய்கிறது. அதனால் கம்பத்துக்கு இடப்பக்கம் இரண்டாவது செயின்தான் என் இலக்கு. இதை மாற்றிக்கொண்ட பிறகு ஓரமாக வெட்டிக்கொண்டு வெளியே போவது நன்றாகக் குறைந்துவிட்டது.

டிஸ்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் பட்டரில் பீட், அதாவது கீழ்விளிம்பில் ஓடும் சிறு மேடு, உள்ளதா இல்லாததா என்று வழக்கமாக வாதம் நடக்குமே, டர்போவுக்கு அது கிட்டத்தட்ட பொருட்டே இல்லை. கட்டைவிரல் உள்விளிம்பின் பக்கமே போகாது. இங்கே முக்கியம் நடுத்தட்டின் விறைப்பு. மெத்தென்ற பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் அழுந்திய இடம் குழிந்து, விடும்போது திரும்ப எம்புகிறது. கையை முன்னே தள்ளி மெதுவாக விடும் புஷ் பட்டுக்கு அருமையாக இருந்த என் மென்மையான பட்டர்கள் இதற்கு ஆகவில்லை. எம்விபி, ஆக்ஸியம் நிறுவன டிஸ்க்குகளில் வெளிவிளிம்பு தனிப் பொருளில் வார்த்திருக்கும் அல்லவா, அதில் விரல்களுக்குக் கிடைக்கும் பிடிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எடை ஓரத்தில் இருப்பதும் குறைந்த சுழற்சிக்குத் தாங்கலாக இருக்கிறது. ஆக்ஸியத்தின் என்வி ஒன்றைத்தான் இப்போது முதல் பட்டராக வைத்திருக்கிறேன். காஸ்டாப்ளாஸ்ட் நிறுவனத்தின் பெர்க் பட்டரையும் முயன்றேன். அதன் மேல்புறத்துப் பள்ளம் வழக்கமான பிடியில் கட்டைவிரலுக்கு உட்கார இடம். டர்போவில் அந்த இடத்தில் விரலே இல்லை, அதனால் தனி லாபம் எதுவும் தெரியவில்லை.

இனி பார்வை விஷயத்துக்கு வருகிறேன்.

வழியில் ஒரு புதர் நின்று, அதற்கு மேலே டர்போவில் தூக்கிப் போட்டால் கார்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், எல்லோரும் "சூப்பர், நல்ல யோசனை" என்பார்கள். முழங்கால் போட்டு மரக்கிளைக்கு அடியில் எறிந்தாலும், ஸ்ட்ராடிலில் கால் விரித்து நின்று மரத்தைச் சுற்றிப் போட்டாலும் அதே பாராட்டு. அதே டர்போவை வெட்டவெளியில், ஐந்து மீட்டரில், முன்னால் புல் மட்டும் இருக்கும்போது செய்து பாருங்கள். முகங்கள் மாறும். அதே கை, அதே டிஸ்க். அவசரத்துக்கு எடுத்தால் அது திறமை, வழக்கமாக வைத்துக்கொண்டால் கோமாளித்தனம். இந்தக் கணக்கை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று என்னை இதைவிட உறுத்துகிறது. வேகமான சுழற்சியோடு எறியும் ஸ்பின் பட் ஆடுகிறவர் செயினில் அடித்து டிஸ்க் வெளியே வந்து விழுந்தால், "அடடா, பாஸ்கெட் துப்பிருச்சு" என்கிறார்கள். பாஸ்கெட் மேல் பழி, காற்று மேல் பழி. என் டிஸ்க் அப்படி வெளியே வந்தால் பழி நேராக என் பாணிக்குத்தான். "ஏங்க, நல்லாத்தானே எறியுறீங்க, பட்டிங்கை மட்டும் ஏன் இப்படிப் பண்றீங்க?" இப்படிக் கேட்டவர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் அதற்கு முந்தைய பாஸ்கெட்டில் அதே தூரத்திலிருந்து நான் உள்ளே போட்டபோது பாணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விழுந்தால் அதிர்ஷ்டம், தவறினால் பாணி என்று பார்த்தால் எந்தப் புது முறையும் நிரூபணம் ஆகவே முடியாது.

மற்ற விளையாட்டுகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. கூடைப்பந்தில் ரிக் பாரி ஃப்ரீ த்ரோவைக் கால்களுக்கு நடுவிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிப் போட்டே வாழ்நாள் முழுக்க 90 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்தார். வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தாரே, அன்று 32 ஃப்ரீ த்ரோவில் 28 உள்ளே போனதும் இதே முறையில்தான். அப்புறம் கூச்சமாக இருக்கிறது என்று அவர் அதை விட்டுவிட்டார், சதவீதம் சரிந்தது. ஆடுகளத்தில் யாரும் தடுக்கவில்லை, பார்வை தடுத்தது.

கோல்ஃபில் ஒரு படி மேலே போனார்கள். சாம் ஸ்னீட் பந்து போகும் கோட்டின் இருபுறமும் கால் வைத்து, கால்களுக்கு நடுவே பட் செய்த முறையை 1968இல் விதி போட்டே நிறுத்தினார்கள். அவர் இரண்டு காலையும் ஒரே பக்கம் கொண்டுவந்து நின்று தொடர்ந்து ஆடினார். நம் விளையாட்டில் அந்தத் தொல்லை இல்லை. டிஸ்க்கை எப்படிப் பிடிக்க வேண்டும், கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று இந்த விளையாட்டின் அமைப்பான பிடிஜிஏவின் விதிகள் எதுவும் கேட்பதில்லை. கேட்பது காலைப் பற்றித்தான். டிஸ்க் விழுந்த இடத்தைக் காட்டும் மார்க்கருக்குப் பின்னால் உள்ள லையில், அதாவது நின்று எறிய வேண்டிய இடத்தில், காலோ உடலின் வேறு பகுதியோ இருக்க வேண்டும், பத்து மீட்டருக்குள் எறிந்துவிட்டு நிலையாக நின்று காட்டிய பிறகே பாஸ்கெட்டை நோக்கி நகர வேண்டும். தவறினால் ஒரு அபராத வீச்சு.

இதில் டர்போ ஆடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். கை உயரத்தில் முடிவதால் மார்பு முன்னே போகிறது, பின்கால் தானாக எழும்புகிறது, உடல் விழத் துடிக்கிறது. அதனால் எறிந்ததும் பின்காலைத் திரும்பத் தரையில் வைத்து, ஒரு மூச்சு நின்று, பிறகுதான் டிஸ்க்கை எடுக்கப் போகிறேன். கார்டில் மற்றவர்கள் என் காலை உற்றுப் பார்ப்பது எனக்குத் தெரியும். பார்க்கட்டும், அது நியாயமான பார்வை. அதே கண்ணால் எல்லோர் காலையும் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

குறை சொல்கிறவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் உண்மை. டர்போவில் சுழற்சி குறைவு. தோளும் இடுப்பும் தரும் பலம் இதில் சேர்வதில்லை, முழங்கையும் மணிக்கட்டும் விரலும் மட்டும்தான். தூரம் கூடக்கூட அது தெரிகிறது. முன்னணி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஸ்பின், புஷ், அல்லது இரண்டும் கலந்த வகையில் நிற்பதற்கு அதுவும் காரணம். ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒரே அச்சு கிடையாது. 2012 முதல் 2015 வரை தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற பால் மெக்பெத்தையும், 2016, 2017இல் வென்ற ரிக்கி வைசாக்கியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிற்பது, கை இறங்குவது, விடுவது எல்லாம் வேறு வேறு. "சரியான முறை" என்று ஒன்றைக் காட்டி என்னைத் திருத்த வருகிறவர்கள் இந்த இருவரில் யாருடையதைக் காட்டுவார்கள்?

நான் ஏன் இதை விடாமல் பிடித்திருக்கிறேன் என்றால், என் பேக்ஹேண்ட் பட்டில் பிழை எப்போதும் இடம் வலமாகத்தான் வரும். கை உடலுக்குக் குறுக்கே வருவதால் விடும் கணம் கொஞ்சம் பிசகினாலும் திசை போய்விடும். டர்போவில் கண், முழங்கை, பாஸ்கெட் மூன்றும் ஒரே செங்குத்துத் தளத்தில் நிற்கின்றன. திசைப் பிரச்சினை கிட்டத்தட்ட தீர்ந்தது, மிச்சம் உயரம் மட்டும். உயரத்தில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் செயின் வாங்கிக்கொள்கிறது.

காற்று இன்னும் தீராத கணக்கு. எதிர்க்காற்றில் மூக்கு தூக்காமல் மட்டமாகப் போவதால் ஓரளவு சமாளிக்கிறேன். பின்காற்று டிஸ்க்கைக் கீழே அழுத்திவிடுகிறது, அப்போது செயினின் மேல்வளையத்தைக் குறி வைத்தாலும் அடித்தட்டில்தான் இடிக்கிறது. கட்டைவிரலை மறுபடி முடிச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பின்காற்றுக்கு மட்டும் மூக்கை ஒரு பிசிறு தூக்கிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் சோதனையில் நம்பிக்கை தெரிகிறது, ஆனால் ஆட்டம் திரும்ப எட்டிப் பார்க்கிறது.

இது முடிவதற்குள்ளேயே பத்து மீட்டருக்கு வெளியே ஃபோர்ஹேண்ட் பட் பழக ஆரம்பித்துவிட்டேன். சுழற்சித் திசை ஒன்றே என்பதால் குறி வைக்கும் செயினை மாற்ற வேண்டாம், அது பெரிய வசதி. அங்கே முன்னே அடி எடுத்து வைத்தபடி எறியும் ஸ்டெப் பட்டும் செல்லும், விடும் நேரத்தில் ஒரு கால் லையில் இருக்க வேண்டும், மற்றது அதற்குள் மார்க்கரைத் தாண்டித் தரையில் பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் டர்போவையே ஸ்டெப்போடு சேர்த்துப் போட முடியுமா என்றும் ஒரு ஆசை. விறைப்பான பிளாஸ்டிக்கில் இன்னொரு என்வி வர வேண்டியிருக்கிறது, வந்ததும் அதில்தான் தொடங்குவேன்.

டர்போ ஆடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்க வேண்டும். விளிம்பில் மூன்று விரல் வைக்கிறீர்களா, நான்கா? சுண்டுவிரலைச் சேர்த்தால் எனக்கு நிலை கூடுகிறது, சுழற்சி குறைகிறது. எடுத்தால் நேர்மாறு. பின்காற்றில் எதை வைத்து ஆடுகிறீர்கள் என்று சொன்னால் அதையும் போனில் எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.