வார்டு முடிந்து அவர்கள் எழுதுவது

நர்சிங் கல்லூரியில் அறவியல் நடத்துகிறேன் என்று சொன்னால், அப்படி ஒரு பாடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கிறது. அனாட்டமி, பார்மகாலஜி, குழந்தை நலம், மகப்பேறு என்று பெரிய பாடங்களுக்கு நடுவில் சின்னதாக ஒன்று. நோயாளி தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை, நன்மை செய்வது, தீங்கு செய்யாதிருப்பது, நீதி என்ற நான்கையும் மாணவிகள் மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். பீச்சம், சில்ட்ரஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1979இல் எழுதிய புத்தகத்தின் வழியாக உலகம் பூராவும் பரவிய நான்கு கோட்பாடுகள் அவை. பரீட்சையில் கேட்டால் பிழையில்லாமல் எழுதிவிட்டு வருவார்கள்.

நான் இங்கே சொல்ல வந்தது பரீட்சைத் தாளைப் பற்றி அல்ல. வார்டு போஸ்டிங் முடிந்து வந்ததும் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேனே, அந்த நோட்டைப் பற்றி. நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ அதில் இருக்கக் கூடாது. தமிழிலோ ஆங்கிலத்திலோ, இரண்டும் கலந்தோ எழுதலாம். எதைப் பார்த்தாய், எதை முடிவு பண்ண முடியாமல் திரும்பி வந்தாய் என்பதை மட்டும் எழுது, மார்க் கிடையாது என்று சொல்லிவிடுவேன். தத்துவம், மதம், மனித சுபாவம் என்று பெரிய பெயர் எதுவும் வைப்பதில்லை. ஆனால் வருவதெல்லாம் அதுதான். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள், பாதிப் பேர் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள், ஒரு நாள் டியூட்டி முடிந்து கை கழுவிவிட்டு வந்து எழுதுகிற கேள்விகளுக்கு என்னிடம் பல நேரம் பதில் இருப்பதில்லை.

அதிகம் வருவது பொய்யைப் பற்றிய கேள்வி.

புற்றுநோய் வார்டில் இது தினசரி நடப்பது. வார்டு வாசலிலேயே மகனோ மருமகளோ மாணவியைப் பிடித்துக்கொள்வார்கள். “அம்மாகிட்ட வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம், நீங்க எதுவும் வாயத் தொறந்துராதீங்க பாப்பா.” டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து சில நிமிஷம் நிற்பார், ஸ்டாஃப் சிஸ்டருக்கு வார்டு முழுக்க ஊசி பாக்கி இருக்கும். மாணவிக்குக் கொடுத்திருப்பது நாலைந்து நோயாளிகளைத்தான், பிபி பார்த்து, தலை வாரிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூடியவள் அவள் மட்டும்தான். அதனால் அந்த அம்மாவும் அவளிடம்தான் கேட்பார், “எனக்கு என்ன நோவுன்னு நீயாவது சொல்லு தாயி.” நோய் இன்னதென்று சொல்வது டாக்டரின் பொறுப்பு, மாணவிக்கு அந்த உரிமை கிடையாது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது விதி கைகொடுப்பதில்லை. ஒரு மாணவி எழுதியது: “நான் பொய் சொல்லவில்லை. டாக்டரிடம் கேளுங்கள் பாட்டி என்று சொன்னேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு நான் ஆறுதலா, எனக்கு அவரா?”

இதை வகுப்பில் பேச எடுத்தால் யாராவது ஒருத்தி உடனே குறளுக்குப் போய்விடுவாள். ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ வள்ளுவரே அனுமதி கொடுத்துவிட்டார், அப்புறம் என்ன என்பாள். இன்னொருத்தி அரிச்சந்திரனைக் கூட்டி வருவாள். அந்த இடத்தில்தான் நான் ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டைச் சொல்வேன். கொலைகாரன் வாசலில் நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் ஒரு கட்டுரையில் வாதாடியவர் அவர். கேட்டதும் வகுப்பே கொதிக்கும், இது என்ன நியாயம் மேம் என்று. ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்து, அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்து சொன்னாள்: “அந்தக் கதையில பொய் சொல்றது கொலைகாரன்கிட்ட, மேம். இங்க நாம பொய் சொல்றது காப்பாத்த வேண்டிய ஆள்கிட்டயே.”

இதைவிடத் தெளிவாக அந்தப் பிரச்சினையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு பேச்சே வேறு பக்கம் போனது. குறள் போடுகிற நிபந்தனையைக் கவனித்தார்கள். குற்றமில்லாத நன்மை என்றால் யாருக்கு நன்மை? பாட்டிக்கா, அழுகையைத் தாங்க முடியாத மகனுக்கா? தெரிந்திருந்தால் பாட்டி என்னென்ன செய்திருப்பார்? மகளுக்கு அந்தக் காட்டை எழுதி வைத்திருக்கலாம், குலசாமி கோயிலுக்கு ஒரு தடவை போய் வந்திருக்கலாம், பேசாமல் இருக்கிற தங்கையைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம். தெரியவிடாமல் வைத்திருப்பது அந்த நாட்களை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதுதானே என்றார்கள். அதே சமயம் அந்த மகனைக் கெட்டவன் என்று சொல்ல ஒருத்தரும் தயாராக இல்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. தெரிந்தால் அம்மா மனசு விட்டுப் போய்விடும் என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்று முதலில் நோயாளியிடமே கேட்பதுதான் இப்போது கற்றுத் தரும் முறை. சிலர் எல்லாம் சொல்லுங்கள் என்பார்கள், சிலர் என் மகனிடமே பேசிக்கொள்ளுங்கள் என்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதில் அந்த மனுஷிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நம்மூர் வார்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆளும் நேரமும் இல்லை.

அடுத்ததாக அருவருப்பு. இதை எழுத நிறையத் தயங்குவார்கள், எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருப்பார்கள். படுத்த படுக்கையாக இருக்கிற ஒருவரின் மலத்தைச் சுத்தம் செய்தபோது குமட்டியது, ஆனால் சிரித்த முகமாகச் செய்து முடித்தேன், அந்தத் தாத்தா மகராசி என்று வாழ்த்தினார், அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது, என் சிரிப்பு நடிப்புதானே என்று ஒருத்தி கேட்டிருந்தாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிற வழக்கு இது. நற்செயல்களைச் செய்து செய்துதான் ஒருவர் நல்லவர் ஆகிறார், நாளடைவில் அதைச் செய்வதில் மகிழ்ச்சியும் வந்துவிடும் என்பார் அரிஸ்டாட்டில். மனசு ஒட்டாதபோதும் கடமை என்பதற்காகச் செய்கிறாயே, அப்போதுதான் அந்தச் செயலின் அற மதிப்பு தெளிவாகத் தெரிகிறது என்பார் காண்ட். இரண்டையும் சொன்னேன். அவளுக்குக் காண்ட் ஆறுதலாக இருந்தார் என்று நினைக்கிறேன். வகுப்பில் மற்றவர்கள் பெரும்பாலும் அரிஸ்டாட்டில் பக்கம், ஏனென்றால் முதல் வருஷம் குமட்டியது மூன்றாம் வருஷம் குமட்டுவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

ஆனால் அருவருப்பு மூக்கோடு நிற்கிற விஷயம் இல்லை. “இதெல்லாமா உன்னச் செய்யச் சொல்றாங்க” என்று லீவில் ஊருக்குப் போனபோது உறவுக்காரர்கள் கேட்டார்கள் என்று எழுதுகிறார்கள். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது. அடுத்தவர் உடம்பைத் தொடுவது, கழிவை அள்ளுவது யாருடைய வேலை என்று நம் சமூகம் பிரித்து வைத்திருந்ததால்தான் நர்சிங் படிக்கப் பெண்களை அனுப்ப நம் வீடுகள் இவ்வளவு காலம் தயங்கின. வேலூரில் சி.எம்.சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கியது 1909இல், அங்கே பட்டப்படிப்பு வந்தது 1946இல். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாணவி இதை இன்னும் நேராகவே எழுதிவிட்டாள்: “நான் செய்தால் சேவை, துப்புரவு அக்கா செய்தால் அவர் வேலை. ஒரே கழிவுதான். எனக்கு வாழ்த்து கிடைக்கிறது, அவரை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறார்கள்.” நீதி என்ற நான்காவது கோட்பாட்டுக்கு நான் இப்போது இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன், அவள் அனுமதியோடு.

கடவுளைப் பற்றி எழுதும்போது பிள்ளைகளிடம் ஒரு அடக்கம் வந்துவிடும். நம்புகிறவர்களிடமும் சரி, நம்பாதவர்களிடமும் சரி. இங்கே ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கடைசி நேரத்தில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். அவர் முகம் கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா என்று குடும்பத்தார் தாழ்மையாகக் கேட்டிருக்கிறார்கள். நமக்கு அது மேற்கு. கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டியிருந்தது, ஆக்ஸிஜன் குழாய் அந்தச் சுவரிலிருந்துதான் வருகிறது. திருப்பினால் டியூப் எட்டாது. எட்டாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று டியூட்டியில் இருந்த ஸ்டாஃப் சிஸ்டர் தள்ளுவண்டியில் சிலிண்டர் கொண்டுவரச் சொல்லி, மாஸ்க்கை அதற்கு மாற்றி, அளவு சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி, இரண்டு மாணவிகளையும் அட்டெண்டரையும் வைத்துக் கட்டிலைத் திருப்பியிருக்கிறார். பக்கத்துக் கட்டில் அம்மாள் நெற்றி நிறைய விபூதி பூசியவர், தன் சாமான்களைத் தானே எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார். மகன் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினார். இதை எழுதிய மாணவி தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தவள். “அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் திருப்பி வைத்ததும் அந்த வீட்டு ஆட்கள் முகம் மாறியது. அது உண்மை. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் நாங்கள் செய்த மற்ற வேலையெல்லாம் பாதிதான்” என்று முடித்திருந்தாள்.

இன்னொருத்தி, அவளுக்கும் நம்பிக்கை இல்லை. இறந்தவர் உடலைத் தயார் செய்வதை முதல் தடவையாகச் செய்திருக்கிறாள். கண்ணை மூடிவிட்டு, தாடைக்குக் கட்டுப் போட்டு, கால் விரல்களைக் கட்டி, அடையாளச் சீட்டு கட்டி எல்லாம் பாடத்தில் உள்ளபடி முடித்திருக்கிறாள். முடிக்கும்போது “போயிட்டு வாங்க தாத்தா” என்று வாயில் வந்துவிட்டதாம். யாரிடம் சொன்னேன் என்று கேட்டிருந்தாள். நான் கீழே எதுவும் எழுதவில்லை, டிக்கும் போடவில்லை.

குழந்தைகள் வார்டுதான் கடினம். பிறந்ததிலிருந்து தலை நிற்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “எந்த ஜென்மத்துல நான் பண்ண பாவமோ” என்று சொல்கிற அம்மாவை மாணவிகள் எல்லோரும் எப்போதாவது பார்த்துவிடுகிறார்கள். வினைக் கோட்பாட்டைப் பற்றிக் காரசாரமாக எழுதுவார்கள். குழந்தை செய்யாத குற்றத்துக்கு யாருக்குத் தண்டனை, என்ன கணக்கு இது என்று. எனக்கும் அந்தக் கோபம் உண்டு, மறைப்பதில்லை. ஆனால் ஒருத்தி வேறு மாதிரிப் பார்த்திருந்தாள். அந்த அம்மாவுக்குக் காரணம் ஒன்று தேவைப்படுகிறது, காரணமே இல்லாமல் நடந்தது என்பதைவிடத் தன்னால் நடந்தது என்று நினைப்பது அவருக்குச் சுலபமாக இருக்கிறதோ என்று கேட்டிருந்தாள். அதோடு விடவில்லை. மறுநாள் போய், பிரசவத்தில் நடந்ததை டாக்டரை வைத்தே அந்த அம்மாவுக்குப் புரியும்படி ஒரு தடவை விளக்கச் சொல்லியிருக்கிறாள். நம்பிக்கையை எதிர்த்து வாதாடாமல், பாவம் என்கிற சுமையை மட்டும் கொஞ்சம் இறக்கப் பார்த்திருக்கிறாள். தத்துவப் பேராசிரியர்கள் இந்த நோட்டைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

அருணா ஷான்பாக் வழக்கை நடத்தும் நாள் மட்டும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். மும்பை கே.ஈ.எம் மருத்துவமனையில் நர்ஸ், 1973 நவம்பரில் அங்கே வார்டு ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டு மூளை சிதைந்து, 2015 மே 18இல் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் கிடந்தவர். இத்தனை வருஷமும் அங்குள்ள நர்சுகள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள், படுக்கைப் புண் வரவிடாமல். உணவு செலுத்துவதை நிறுத்த அனுமதி கேட்ட மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அருணாவுக்காகப் பேசும் தகுதி மனுப் போட்ட எழுத்தாளரைவிட, பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அதே தீர்ப்புதான் கடுமையான நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்துவதற்கு இந்தியாவில் முதல் வழியையும் திறந்தது. மீள முடியாத நிலை வந்தால் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உயிர்ச் சாசனம் செல்லும் என்று 2018இல் தீர்ப்பு வந்தது.

மாணவிகளுக்கு முதலில் பெருமை. படுக்கைப் புண் இல்லை என்பதன் அருமை அவர்களுக்குத்தான் தெரியும், ஒரு ஷிஃப்டில் இத்தனை தடவை புரட்டிப் போட்டால் இடுப்பு என்ன பாடுபடும் என்பது தெரியும். அப்புறம் மெதுவாக அடுத்த கேள்வி வரும். அது அருணாவுக்காகவா, நம் ஆட்கள் நிம்மதிக்காகவா? அன்பு என்பதே ஒரு பிடிவாதமாக மாறிவிட முடியுமா? போன வருஷம் இரண்டு அறைத் தோழிகள் இதில் எதிரெதிர்ப் பக்கம் எழுதியிருந்தார்கள். ஒருத்தி, என்னை யாரும் அப்படி வைத்திருக்கக் கூடாது என்றாள். மற்றவள், அப்படி வைத்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்றாள். நான் யார் பக்கம் என்று கேட்டார்கள். முதலாமவள் பக்கம் என்று சொன்னேன். இரண்டாமவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

இப்போது பிரச்சினை வேறு. இந்த நோட்டுக்கு இன்டர்னல் மார்க் போட்டால் ஒழுங்காக எழுதுவார்களே என்று சக ஆசிரியர்களே சொல்கிறார்கள். மார்க் போட்ட அன்றைக்கே குமட்டியது என்று எழுதிய பெண், பரிவோடு பராமரித்தேன் என்று எழுதத் தொடங்கிவிடுவாள். அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பரீட்சைத் தாளே போதும். நான் கேட்பதெல்லாம் போஸ்டிங் முடிந்து பஸ் ஏறுவதற்கு முன்னால் அரை மணி நேரம், கதவு சாத்திய ஒரு அறை. இந்த செமஸ்டருக்கு வாரம் ஒரு நாள் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை, டெமோ ரூமில், பொம்மை நோயாளியின் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். மற்ற நாட்களுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.