ஒரே தொண்டையில் மூன்று குரல்: ஐந்து வார முயற்சி

கியூபப் பாடகி எஸ்தர் போர்ஹாவின் 1955 இசைத்தட்டைக் கேட்ட நாளிலிருந்து இந்த ஆசை. இரண்டு, மூன்று, நான்கு குரல்களில் கியூபப் பாடல்கள். அத்தனை குரலும் அவர் ஒருவருடையதே. குரல்களைப் பிரித்து அமைத்தவர் லூயிஸ் கார்பொனெல். அதேபோலக் கைபேசியில் பாடிப் பதிந்து பார்க்கிறேன்.

எடுத்துக்கொண்ட பாட்டு ‘தாமிசேலா என்கந்தாதோரா’. 1935இல் கியூப இசையமைப்பாளர் எர்னெஸ்தோ லெக்குவோனா தன் ‘லோலா குரூஸ்’ என்ற சர்சுவேலாவில் போர்ஹாவுக்கென்று எழுதியது. சர்சுவேலா என்றால் வசனமும் பாட்டும் கலந்து வரும் ஸ்பானிய இசை நாடகம். அப்போது போர்ஹாவுக்கு வயது 21. கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாட்டு இது.

முதல் இரண்டு வாரம் மெட்டு மட்டும். மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ் தாளம். கேட்க லேசாக இருக்கிறது, மூச்சு எங்கே எடுப்பது என்பதுதான் சிரமம்.

மூன்றாம் வாரம் இரண்டாவது குரல். முழுத் தோல்வி. காதில் மெட்டு ஓடும்போது என் குரல் நாலாவது வரியிலேயே அதனிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பதினொரு முறை பதிந்து அழித்தேன். அப்புறம் கீழ்க்குரலைத் தனிப் பாட்டாகவே மனப்பாடம் செய்தேன். மெட்டைக் கேட்காமல் நான்கு நாள் அதை மட்டும் பாடினேன். ஐந்தாம் நாள் இரண்டும் சேர்ந்து நின்றன. போர்ஹாவின் பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் புரிந்தது: அவருடைய கீழ்க்குரல் துணைக்கு வந்த குரலாகவே ஒலிக்கவில்லை, அதற்கும் மேடைப் பாட்டுக்குரிய முழு அக்கறை.

மூன்றாவது குரலில் வேறொரு பிரச்சினை. ‘தாமிசேலா’வின் ‘சே’ மூன்று தடத்திலும் இம்மி விலகி விழுந்து, சீறல்போலக் கேட்டது. இப்போது மெட்டில் மட்டும் ‘ச’வை அழுத்துகிறேன், மற்ற இரண்டில் பூசினாற்போல விட்டுவிடுகிறேன். சரியாகிவிட்டது.

எனக்குத் தவறினால் ஒரு தடத்தை அழித்துவிட்டு மறுபடி பாடலாம். டேப்பில் பழைய குரலின்மேல் புதியதைச் சேர்த்துப் பதிந்த காலத்தில் அந்த வசதி ஏது? அதை நினைத்தால் அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

முதல் பத்தி மூன்று குரலில் முடிந்தது, 40 வினாடி. நான்காவது குரலை அடுத்த ஞாயிறு தொடங்குகிறேன்.