திருத்தங்களை நான் இரண்டு முறை படித்த கதை

அரசுப் பணித் தேர்வின் விரிவாக எழுதும் கட்டமான மெயின்ஸை முதல் முறை எழுதிவிட்டு வெளியே வந்தபோது, வேறு எது போனாலும் அரசமைப்புப் பகுதி கை கொடுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அடிப்படைக் கட்டமைப்பு, அதாவது நாடாளுமன்றம் திருத்தம் போட்டும் சிதைக்க முடியாத அரசமைப்பின் அடித்தளம், பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. கையெழுத்து கோணலாகப் போகும் அளவுக்கு எழுதித் தள்ளியிருந்தேன். டீக்கடையில் நண்பனிடம் அதைப் பெருமையாக ஒப்பித்துக்கொண்டே போய், "கேசவானந்த பாரதி தீர்ப்பை முறியடிக்கத்தான் 24ஆவது திருத்தம் வந்தது" என்று சொன்னேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "டேய், திருத்தம் வந்தது 71ல. தீர்ப்பு வந்தது 73ல. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே காது குத்திட்டியா?" என்றான்.

அந்த முறை தேறவில்லை. அந்த ஒரு கேள்வியால்தான் தேறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் படித்த விதம் முழுக்க அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. பயிற்சி மையத்தில் கொடுத்த தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும்: திருத்த எண், ஆண்டு, பொருள். 7 என்றால் 1956, மொழிவாரி மாநிலங்கள். 52 என்றால் 1985, கட்சித்தாவல். 61 என்றால் வாக்களிக்கும் வயது 18. வாய்ப்பாடு மாதிரி சொல்வேன். முதல் கட்டத் தேர்வான பிரிலிம்ஸுக்கு அது போதும், இன்றைக்கும் போதும். மெயின்ஸில் அவர்கள் கேட்பது "ஏன்" என்பது. அந்தத் தாளில் அதற்குக் கட்டமே கிடையாது.

இரண்டாவது முறை ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நாடாளுமன்றம், வலப்பக்கம் நீதிமன்றம். ஒரு தீர்ப்பு வந்தால் வலப்பக்கம். அதற்குப் பதிலாக ஒரு திருத்தம் வந்தால் இடப்பக்கம், இடையில் ஓர் அம்புக்குறி. எழுத எழுதத்தான் புரிந்தது, முக்கியமான திருத்தங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் நீதிமன்றத்தில் ஜெயித்ததற்கோ தோற்றதற்கோ வந்த எதிர்வினைகள் என்று. யார் யாரோடு மோதினார்கள் என்று தெரிந்தால் ஆண்டு தானாக நினைவில் நிற்கும். தீர்ப்புக்கு முன்னால் பதில் வராது இல்லையா?

முதல் திருத்தத்தில் ஆரம்பியுங்கள். வேறு எதிலும் நேரம் செலவழிக்காவிட்டாலும் இதில் இரண்டு நாள் செலவழிக்கலாம். நம் ஊர்க் கதை அது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் பங்கீடு இப்படி: பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பின்தங்கிய இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்கள் 1. (அரசாணையில் இருந்த பெயர்களையே எழுதியிருக்கிறேன்.) இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை, போட்டாலும் கிடைக்காது என்று தெரிந்ததால் நேராக நீதிமன்றத்துக்கு வந்தார் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்றது. பிரிவு 46 நலிந்த பிரிவினரை உயர்த்தச் சொல்கிறதே என்று அரசு கேட்டது. அது நெறிமுறைக் கோட்பாடு, அரசுக்கான வழிகாட்டல் மட்டும்தான், அடிப்படை உரிமையை அது மிஞ்ச முடியாது என்று பதில் வந்தது.

மாகாணம் கொதித்தது. பெரியாரும் திராவிடர் கழகமும் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 18இல் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிடும் 15(4) சேர்ந்தது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையில் சரியாகப் பத்து வாரம்.

இங்கேதான் எனக்கு உதவிய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாகுபாடு கூடாது என்கிற பிரிவு 15ஐ எடுத்து, 15(4)ஐயும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். 1950இல் செண்பகத்தின் வழக்கறிஞர்கள் படித்தது அதைத்தான். அப்புறம் விரலை எடுங்கள். வரும் முதல் சில சொற்களே "இந்தப் பிரிவிலோ 29(2)இலோ உள்ள எதுவும் தடையாகாது" என்கிற பொருளில்தான் இருக்கும். சாதி, மதம் பார்த்து அரசுக் கல்வி நிலையங்களில் இடம் மறுக்கக்கூடாது என்கிற 29(2) ஏன் அங்கே பேரோடு வருகிறது? தீர்ப்பு அதன் மேல்தான் நின்றது. சட்டத்தின் ஒரு வரிக்குள் ஒரு வழக்கின் தழும்பு தெரியும். இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

அதே முதல் திருத்தத்தில் இன்னொரு சென்னை வழக்கும் இருக்கிறது. பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழை சென்னை அரசு மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் 1950 மே மாதம் அந்தத் தடை உடைந்தது. பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் 19(2)இல் அன்றைக்குப் பொது ஒழுங்கு என்ற காரணமே இல்லை. திருத்தம் அதைச் சேர்த்தது. கூடவே வெளிநாடுகளுடனான நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்ற காரணங்களையும் சேர்த்தது. ஆனால் கட்டுப்பாடு "நியாயமான" கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் அங்கே நுழைந்தது. பேச்சுரிமையைச் சுருக்கிய திருத்தம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தச் சொல்லைத் தவறவிடுகிறார்கள். பின்னாளில் எத்தனையோ தடைகளை நீதிமன்றம் சோதித்தது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான். மூன்றாவது சண்டை ஜமீன்தாரி நிலம். அதற்காக 31ஏ, 31பி, அடிப்படை உரிமையைக் காட்டி எதிர்க்க முடியாதபடி சட்டங்களைப் பாதுகாக்கும் ஒன்பதாவது அட்டவணை. அதில் முதலில் போட்டவை 13 சட்டங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவையும் செய்தது தற்காலிக நாடாளுமன்றம். முதல் பொதுத்தேர்தலே அப்போது நடக்கவில்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத அவை அடிப்படை உரிமையில் கை வைக்கலாமா என்பது வெறும் வரலாற்றுக் கேள்வி இல்லை. விவாதக் கேள்விக்கு எழுத நல்ல புள்ளி.

அங்கிருந்து சங்கிலி வேகமாகப் போகும். சங்கரி பிரசாத் வழக்கு, 1951: நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம். சஜ்ஜன் சிங் 1965: அதேதான், ஆனால் ஐந்து நீதிபதிகளில் இருவர் சந்தேகத்தை எழுப்பினார்கள், அவர்களில் நீதிபதி முதோல்கர் "அடிப்படை அம்சம்" என்ற சொல்லையே பயன்படுத்தினார். கோலக்நாத் 1967: 11 பேரில் 6 பேர், அடிப்படை உரிமையைத் தொடவே முடியாது என்றார்கள். அதற்குப் பதில்தான், அடிப்படை உரிமையையும் திருத்தலாம் என்ற, நான் காது குத்திய 24ஆவது திருத்தம், 1971. இப்போது பாருங்கள், அது கேசவானந்தாவுக்குப் பின்னால் எப்படி வரும்?

கேசவானந்த பாரதி வழக்கைப் பற்றி எல்லோரும் எழுதுவதை நானும் எழுதினால் பயனில்லை. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7க்கு 6, 1973 ஏப்ரல் 24: இது உங்களுக்குத் தெரியும். மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெற்றதும், மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியானதும் தெரிந்திருக்கலாம். நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. வழக்கில் ஜெயித்தது யார்? காசர்கோட்டுப் பக்கம் எடநீர் மடத்தின் தலைவரான கேசவானந்த பாரதி மடத்து நிலத்துக்காக வந்தவர். கேரள நிலச்சீர்திருத்தச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் வைத்த 29ஆவது திருத்தம் செல்லும் என்றுதான் தீர்ப்பு. 24ஆவது திருத்தமும் செல்லும். அன்றைய கணக்கில் பார்த்தால் அரசுதான் ஜெயித்தது. ஆனால் திருத்தும் அதிகாரம் இருக்கிறது, அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கும் அளவுக்கு இல்லை என்ற வாக்கியம் மட்டும் நீதிமன்றத்தின் கையில் தங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கக்கூடாது என்று 39ஆவது திருத்தம் வந்தபோது அந்த வாக்கியத்தை வைத்துத்தான் அதன் ஒரு பகுதியை வெட்டினார்கள். இந்தக் கோணத்தில் எழுதிய விடைக்குத்தான் பயிற்சித் தேர்வில் எனக்கு முதன்முறையாக நல்ல மதிப்பெண் வந்தது.

நெருக்கடி நிலையில் வந்த 42ஆவது திருத்தத்தையும் அது முடிந்தபின் வந்த 44ஐயும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 42 செய்ததில் எதை 44 திருப்பியது, எதை விட்டுவிட்டது என்று பாருங்கள். மக்களவை ஆயுள் ஆறு ஆண்டானது, திரும்ப ஐந்தானது. முகப்புரையில் சேர்ந்த சொற்கள் அப்படியே நின்றன. அடிப்படைக் கடமைகளும் நின்றன. கல்வி, காடு உள்ளிட்ட ஐந்து பொருள்கள் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனவை போனவைதான். தமிழ்நாட்டில் கல்வியை மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவா என்று மேடைக்கு மேடை கேட்கிறோமே, அதன் வேர் 1976இல் இருக்கிறது. சொத்துரிமையை எடுத்தது 44. இதை 42 என்று எழுதுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அதுவும் முழுக்கப் போய்விடவில்லை, அடிப்படை உரிமை என்ற இடத்தை விட்டு, வெறும் சட்ட உரிமையாக 300ஏ என்ற சாதாரண நாற்காலிக்கு மாறி உட்கார்ந்திருக்கிறது.

44இல் எனக்கு மிகப் பிடித்தது, நெருக்கடி நிலையிலும் 20 (குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பு), 21 (உயிர், சுதந்திரம்) ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்ற மாற்றம். அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1976இன் ஜபல்பூர் ஆட்கொணர்வு வழக்கில் போய் நிற்பீர்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை நிறுத்தப்பட்டிருக்கும்போது, காவலில் உள்ளவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது என்று ஐந்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி கன்னா மட்டும் மறுத்தார். இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அடிப்படைக் கட்டமைப்பு விடைகளில் நீதிமன்றத்தைக் காவல் தெய்வமாக்கி எழுதுவது எனக்கு ஒப்பாது. கேசவானந்தா தீர்ப்பு வந்து மூன்றே ஆண்டில் அதே நீதிமன்றம் இப்படிச் சொன்னது. நாடாளுமன்றம்தான் திருத்தத்தால் அதைச் சரிசெய்தது. நீதிமன்றம் தன் தீர்ப்பை வெளிப்படையாகத் தூக்கிப்போட்டது 2017இல், தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில். "அடிப்படைக் கட்டமைப்பு என்ற சொல் அரசமைப்பில் எங்கே இருக்கிறது, தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் அதை எப்படி உண்டாக்கினார்கள்" என்ற கேள்விக்கும் விடையில் இடம் கொடுங்கள். அதன் பிறகு நெருக்கடி நிலைக் காலத்தைக் காட்டி உங்கள் முடிவை எழுதுங்கள். அப்போதுதான் முடிவுக்கு எடை இருக்கும்.

அரசமைப்பை எப்படித் திருத்துவது என்று சொல்லும் பிரிவு 368இன் நடைமுறையை நேராக மனப்பாடம் செய்தால் மூன்றாம் நாள் மறந்துவிடும். சறுக்கிய திருத்தங்களோடு சேர்த்துப் படியுங்கள். கட்சித்தாவல் வழக்குகளில் நீதிமன்றம் தலையிடக்கூடாது என்ற பத்தாவது அட்டவணையின் ஏழாம் பத்தி 1992இல் கிஹோட்டோ வழக்கில் விழுந்தது. காரணம், பாதி மாநிலங்களின் ஒப்புதல் வாங்கவில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய 97ஆவது திருத்தமும் 2021இல் இதே காரணத்தால் மாநிலச் சங்கங்கள் அளவில் விழுந்தது. எந்தத் திருத்தத்துக்கு மாநிலங்களைக் கேட்க வேண்டும் என்பது இந்த இரண்டிலும் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தொல்லை உண்டு. ஒரே விஷயத்துக்குப் பாடநூலில் சட்டப்பிரிவு, அரசு வெளியிட்ட தமிழ்ப் பதிப்பில் உறுப்பு, பழைய குறிப்புகளில் ஷரத்து. எதை எழுதினாலும் சரி, விடைத்தாள் முழுக்க ஒன்றையே எழுதுங்கள். நான் முதல் முறை மூன்றையும் கலந்து வைத்திருந்தேன். திருத்துகிறவருக்கு மூன்று பேர் எழுதிய தாள் மாதிரி இருந்திருக்கும்.

இரண்டாவது மெயின்ஸில் ஒன்பதாவது அட்டவணை வந்தது. நான் கூடலூரில் ஆரம்பித்தேன். நீலகிரியில் ஜென்மி நிலங்களை, அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலங்களை, அரசு எடுக்க 1969இல் தமிழ்நாடு போட்ட சட்டம். அதில் காட்டு நிலங்களைப் பற்றிய பகுதியை 1972இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1974இல் 34ஆவது திருத்தம் சட்டத்தை முழுசாகத் தூக்கி ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தது. 2007 ஜனவரியில் கொயலோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்றார்கள். 76ஆவது திருத்தத்தால் 1994இல் அட்டவணைக்குள் போன நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டமும் அந்தத் தேதிக்குப் பிந்தியதுதான் என்று எழுதி, 14 இடங்களின் பங்கீட்டில் கொண்டுபோய் முடித்தேன். அந்த முறை தேறினேன்.

நடுவில் கோடு போட்ட அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. டீக்கடை நண்பன் இந்த ஆண்டு எழுதுகிறான், நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். 25ஆவது திருத்தம் இருக்கும் இடத்தில் மட்டும் டீக்கறை, ஒன்றும் தெரியாது. அதற்கு நீயே அந்தத் திருத்தம் சேர்த்த 31சியை எடுத்து, அடிக்குறிப்போடு சேர்த்து நாலு தடவை படி என்று சொல்லித்தான் கொடுத்தேன்.