எக்கனாமைசருக்கு 316எல் டியூப் போட்டும் ஏன் ஓட்டை விழுகிறது?

வெளியேறும் புகையின் சூட்டைக் கொண்டு பாய்லருக்குப் போகும் தண்ணீரை (ஃபீட் வாட்டர்) சூடாக்கும் பகுதிதான் எக்கனாமைசர். அதில் கார்பன் ஸ்டீல் டியூப் அரித்துப்போனால் அடுத்த முறை 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுவிடலாம் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் பாய்லரில் அது பெரும்பாலும் வீண் செலவு.

எண்ணெயிலுள்ள கந்தகம் எரிந்து சல்ஃபர் டையாக்சைடாகிறது. அதில் 1 முதல் 5% வரை சல்ஃபர் ட்ரையாக்சைடாக மாறும். எண்ணெயிலேயே இருக்கும் வனேடியம் அதற்குக் கிரியாஊக்கி. ட்ரையாக்சைடு நீராவியோடு சேர்ந்தால் கந்தக அமில ஆவி. 120–150 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் அது துளியாகப் படியத் தொடங்கும். இதுதான் ஆசிட் டியூ பாயிண்ட்.

பேனலில் புகை 220 டிகிரி காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டியூபின் சூட்டை முடிவு செய்வது உள்ளே ஓடும் தண்ணீர். ஃபீட் வாட்டர் 70 டிகிரியில் நுழைந்தால் அந்த முனையில் உலோகம் 80 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே படிகிற அமிலத்தின் அடர்த்தி 50 விழுக்காட்டுக்கும் மேல். 316எல்-ஐக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் இந்த அடர்த்தியிலும் சூட்டிலும் நிற்காது.

டியூபை வெட்டிப் பார்த்தாலே தெரியும்: தண்ணீர் நுழையும் முனையில், புகை படும் பக்கம் மட்டும் மெலிந்து, மேலே வெளிர்பச்சையும் மஞ்சளுமாய்ப் படிவு ஒட்டியிருக்கும். ஒரு சிட்டிகை சுரண்டி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து பிஎச் தாளை நனையுங்கள். 2, 3 காட்டினால் அமில அரிப்புதான், சந்தேகமே வேண்டாம்.

ஆகவே முதலில் அந்த முனையில் ஒரு தெர்மோகப்பிள் பற்றவைத்து உலோகச் சூட்டை அளக்க வேண்டும். பிறகு தண்ணீரைச் சூடாக்குங்கள். ஃபீட் டேங்கிலேயே மிகவும் சூடாக்கினால் பம்புக்குள் தண்ணீர் ஆவிக் குமிழியாகி பம்ப் கேவிட்டேட் ஆகும். பம்புக்குப் பிறகு ஒரு சிறிய ஸ்டீம் ஹீட்டர் வைப்பதே சரி. புகை கொஞ்சம் கூடுதல் சூட்டோடு வெளியேறும், 20 டிகிரிக்குச் சுமார் 1% எரிபொருள் நட்டம். டியூப் மாற்றும் செலவோடும் ஷட்டவுனோடும் ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியதே. பர்னரில் மிகைக் காற்றைக் குறைத்து ஆக்ஸிஜனை 2–3 விழுக்காட்டில் வைத்தால் ட்ரையாக்சைடும் குறையும்.

பாய்லரை நிறுத்தும்போது கவனம் தேவை. படிவு ஈரத்தை இழுத்து அமிலமாகும். அரைகுறையாகக் கழுவினால் இன்னும் மோசம். 100 லிட்டருக்கு 2 கிலோ சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைத்து, வடியும் நீரின் பிஎச் 8 ஆகும்வரை விடாமல் கழுவுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டியூப் என்றால் உப்பான போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது, குளோரைடு குழி பறித்துவிடும். கழுவிய அன்றே சூடான காற்று ஊதிக் காயவைத்துவிடுங்கள்.