கூட வர ஒரு ஆள்

தம்பிக்கு ஆட்டிசம் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் அடுத்த கேள்வி, "தெரபிக்கு எங்க போறீங்க?" என்பதுதான். அவனுக்கு 25 வயது ஆகப்போகிறது. ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேட்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காக விடிகாலையில் தர்மபுரியிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பிய காலமும் போய்விட்டது. இப்போது வேண்டியது வேறு. முடி வெட்ட, காய் வாங்க, பஸ் ஏற, பல்வலி வந்தால் டாக்டரிடம் எந்தப் பல் என்று காட்ட, கூட வர ஒரு ஆள். தினமும் இரண்டு மணி நேரம் வந்தால் போதும்.

அம்மா இருக்காங்களே, நீ இருக்கியே என்பார்கள். இருக்கிறோம். ஆனால் மீசை வைத்த பையன் போகிற இடமெல்லாம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்றால் எப்படி? ஒருநாள் சலூன் வாசலில் "நீ வீட்டுக்குப் போ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவன் பேசுவதே குறைவு, அதிலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு வேலை. அதற்கெல்லாம் முன்னால், அது அவனுடைய ஆசை.

இங்கே கிடைக்கும் உதவிகளில் பெரும்பகுதி குழந்தைகளை மனதில் வைத்துப் போட்டவை. வட்டார வள மையத்தில் பயிற்சி உண்டு, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்குச் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார், கற்றல் குறைபாடு இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுத ஆளும் கூடுதலாக ஒரு மணி நேரமும் தருவார்கள். பெரியவர்களுக்கும் சில உண்டு. தீவிர பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, நிரமயா திட்டத்தில் ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீடு, பெற்றோருக்குப் பிறகு யார் என்பதற்கு 1999ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் நியமனம். உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்று சேவை மையங்களும் திறந்து வருகிறார்கள். நல்லதுதான், இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மையம் என்றால் நாம் அங்கே போக வேண்டும். தம்பிக்குச் சிக்கலே அந்தப் போகிற வழியில்தான் இருக்கிறது.

2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்தால், இது அதை எழுதியவர்களுக்கும் தெரியும் என்று புரியும். அன்றாடக் காரியங்களுக்கு, சொந்தமாக முடிவெடுக்க, வேலைக்கு, குடும்பத்தோடும் ஊரோடும் கலந்திருக்க ஒருவருக்கு வேண்டிய தீவிர ஆதரவை 'உயர் ஆதரவு' என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள், அதைக் கேட்டு விண்ணப்பிக்கவும் 38ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் அந்த ஆள் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளியோடு கூட வருபவருக்கும் டிக்கெட் கிடையாது, அதை மட்டும் மனதாரப் பாராட்டுவேன். கூட ஒருவர் வந்தாக வேண்டும் என்று யாரோ ஒரு அதிகாரி யோசித்திருக்கிறார் பாருங்கள்.

சரி, நாங்களே ஆள் தேடினோம். முதலில் விசாரித்த இடங்களில் எல்லாம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலைக்குத்தான் ஆள் இருந்தார்கள். கடைசியில் பக்கத்துத் தெருவிலேயே காலேஜ் படிக்கும் பையன் ஒருவன் கிடைத்தான். மணிக்கு நூறு ரூபாய், பஸ்ஸில் போனாலும் வீட்டில் உட்கார்ந்து கேரம் ஆடினாலும் அதே நூறு. "அண்ணன் கூட சும்மா சுத்தறதுக்கு எதுக்குக்கா காசு?" என்று கூச்சப்பட்டான். சும்மா சுற்றுவது இல்லை அது. காசு வாங்காமல் வருகிறவன் பத்து நாள் வருவான், பதினோராவது நாள் பரீட்சை வந்துவிடும். காசு கொடுத்தால்தான் நாளைக்கு வர முடியாது என்பதை இன்றைக்கே சொல்வான், தம்பிக்கோ முன்கூட்டித் தெரிவதுதான் பாதி நிம்மதி.

அந்தப் பையனுக்காக ஒரு நோட்டு போட்டேன். ஆட்டிசம் என்றால் என்ன என்று அதில் ஒரு வரி கிடையாது. முழுக்க முழுக்கத் தம்பிதான். சலூனுக்கு ஞாயிறு போகக்கூடாது, கூட்டம். செவ்வாய் கடை லீவு. புதன்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளாக உட்கார்ந்துவிட வேண்டும். டிவியை அணைக்கச் சொல்ல வேண்டும். மெஷின் வேண்டாம், கத்தரி மட்டும். கழுத்தில் பவுடர் பிரஷ் படக்கூடாது, ஈரத்துண்டால் துடைத்தால் சரி. கடைக்காரர் கத்தரியை முதலில் கண்ணாடியில் காட்டி "ஆரம்பிக்கட்டுமா தம்பி?" என்று கேட்பார், இவன் தலையை ஆட்டுவான், அப்புறம்தான் வெட்டு. இதை அந்தக் கடைக்கார அண்ணன் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை, ஒருமுறை சொன்னோம், அதோடு விடாமல் செய்கிறார்.

பையனே நோட்டில் சேர்த்த விஷயமும் உண்டு. தம்பிக்கு சில்லறை எண்ணுவது வராது, ஆனால் போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பிவிடுவான். கடையில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவனுக்கு வியாபாரம் முடிந்தது. ஒருநாள் மளிகைக் கடையில் நெட்வொர்க் இல்லை, பெட்டி பேசவில்லை, இவன் நகரவில்லை, பின்னால் ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பையன் கடைக்காரரிடம் மெதுவாகப் போய், "அண்ணா, நாற்பத்தெட்டு ரூபா வந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றிருக்கிறான். அவர் அந்தப் பெட்டியின் குரலிலேயே சொல்லிக் காட்ட, தம்பி சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான். நானாக இருந்தால் இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். உழவர் சந்தையில் அன்றைய விலைப் பலகையைத் தம்பி மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்கும்வரை அவசரப்படுத்தக் கூடாது என்று எழுதியதும் பையன்தான். கத்தரிக்காய் விலை நேற்றைவிட ஏறியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் சொல்வான்.

இந்த நோட்டு இன்னொருவருக்கு உதவாது. ஓசூரில் சிப்காட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் என் தோழிக்கு ஏடிஹெச்டி, கவனம் ஒரு இடத்தில் நிற்காது. சட்டத்தில் இருக்கும் 21 வகை குறைபாடுகளில் அதற்குத் தனிப்பெயர் இல்லாததால் அவளுக்கு மாற்றுத்திறனாளி அட்டையும் கிடையாது. ஆபீஸில் லட்சக்கணக்கில் கணக்கு பார்ப்பவள், வீட்டில் கரண்ட் பில் கட்ட மறந்துவிடுவாள், ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் செய்த ஏற்பாடு, சனிக்கிழமை காலையில் தெரிந்த அக்கா ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது. அவர் ஒரு வேலையும் தொடமாட்டார், பூ கட்டிக்கொண்டு இருப்பார். இவள் துணி மடித்து, பில் கட்டி, அந்த வார மெயிலுக்கெல்லாம் பதில் போட்டு முடித்துவிடுவாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும்.

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக என்டிஐஎஸ் என்று 2013இல் ஆரம்பித்த அரசுத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டு, அதற்குப் பணம் ஒதுக்கி, கடைக்குக் கூட வரும் ஆள் வரைக்கும் அதில் சேர்க்கிறார்கள், யாரை வைத்துக்கொள்வது என்பதையும் பெரும்பாலும் அவரவரே முடிவு செய்யலாம். அங்கே செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று ஒரே சண்டையும் நடக்கிறது. அந்த அளவு பணம் இங்கே வராது, எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக யோசிப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லையே.

"நம்ம பக்கம் அந்த மாதிரி எல்லாம் வேண்டாம், ஊரே பாத்துக்கும்" என்று மாமா சொல்வார். பாதி உண்மை. எங்கள் தெருவில் தம்பி காதைப் பொத்திக்கொண்டு நின்றால் டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைப்பார். நாலு ரோடு தாண்டிவிட்டால் அவனை யாருக்கும் தெரியாது, பஸ் ஸ்டாண்டில் ஏர் ஹாரன் அடித்து அவன் சத்தம் போட்டால் குடித்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். சான்றிதழ் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது மைக் சத்தமும் கூட்டமும் தாங்காமல் அவன் வெளியே ஓட, வரிசையை விட்டால் முதலிலிருந்து நிற்க வேண்டும் என்றார்கள். பையன் வரிசையில் நின்றான், நானும் தம்பியும் கூப்பிடும்வரை வெளியே புளியமரத்தடியில் நடந்துகொண்டிருந்தோம். பையன் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்திருக்காது.

பையனுக்குப் படிப்பு முடியப்போகிறது, ஓசூர் பக்கம் வேலை பார்க்கப் போய்விடுவான், போகத்தான் வேண்டும். அடுத்து ஒருவரைப் பேசி வைத்திருக்கிறோம். முதல் இரண்டு வாரம் மூன்று பேரும் சேர்ந்தே போவார்கள், புது ஆள் கொஞ்சம் பின்னால் நடப்பார், சலூனில் பேச மாட்டார். அந்த இரண்டு வாரமும் இரண்டு பேருக்கும் சம்பளம். அப்பா கணக்குப் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார், அப்புறம் அவரே பாதி தருகிறேன் என்றார்.