அபானோவின் வெந்நீரும் சேறும்

இத்தாலியில் வெனிஸ் வரை போகிறவர்களில் சிலர் பதுவா நகரில் இறங்கி, அந்தக் கால ஓவியர் ஜியோத்தோவின் ஓவியங்களைப் பார்ப்பதுண்டு. அங்கிருந்து ரயிலில் சில நிமிஷத் தூரத்தில் இருக்கும், வெந்நீர் ஊற்றுக் குளியலும் சேற்று சிகிச்சையும் தரும் அபானோ தெர்மே என்ற ஊருக்கு நம்மவர்கள் போவது அபூர்வம். அம்மாவின் முழங்கால் வலி இல்லையென்றால் நாங்களும் போயிருக்க மாட்டோம்.

ஸ்பா என்றதும் மெழுகுவத்தி, மெல்லிய இசை, பூவிதழ் மிதக்கும் தொட்டி என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு வராதீர்கள். இது பாதி ஹோட்டல், பாதி ஆஸ்பத்திரி. லிஃப்டில், வரவேற்பறையில், எங்கே பார்த்தாலும் வெள்ளைக் குளியல் அங்கியில் தாத்தா பாட்டிகள். பாதிப் பேர் ஜெர்மன் பேசுகிறார்கள். இத்தாலியர்களுக்கு டாக்டர் சீட்டு இருந்தால் சேற்று சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. நமக்குக் கைக்காசுதான்.

சேறு பூசும் முன் ஹோட்டல் டாக்டர் பார்த்தாக வேண்டும். ரத்த அழுத்தம், இதயம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் விடியற்காலையில், காபிகூடக் குடிக்காமல் கீழ்த்தளத்துக்குப் போனோம். கட்டிலில் விரித்த துணிமேல் பணிப்பெண் வாளியிலிருந்து சாம்பல் நிறச் சேற்றை அள்ளிப் பரப்பினார். அதன்மேல் அம்மாவைப் படுக்க வைத்து, முழங்காலிலும் தோளிலும் அப்பி, துணியால் இறுகச் சுற்றிவிட்டார். சேற்றின் சூடு நாற்பது டிகிரி போல இருக்கும். கால் மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். "நம்ம ஊர்ல மண்ணைக் குளிர்ச்சியாத்தானே பூசுவாங்க, இவங்க என்னடா வேக வைக்கிறாங்க" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. அப்புறம் ஷவர், வெந்நீர்த் தொட்டி, போர்த்திக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓய்வு, கடைசியில் மசாஜ்.

இது சும்மா தோண்டி எடுத்த களிமண் அல்ல. ஓடும் வெந்நீரில் சுமார் இரண்டு மாதம் ஊறப் போடுகிறார்கள். அதில் நுண்பாசிகள் வளர்ந்து மேலே பச்சையாகப் படர்ந்த பிறகுதான் உடம்பில் பூசுவார்களாம்.

பக்கத்தில் இருக்கும் யூகானியக் குன்றுகள் எரிமலையில் பிறந்தவை. அதனால் இந்த வெந்நீரும் எரிமலைச் சூடு என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வடக்கே ஆல்ப்ஸ் அடிவார மலைகளில் பெய்யும் மழை, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான சூட்டிலேயே காய்ந்து, நெடுங்காலம் கழித்து இங்கே மேலே வருகிறது. வரும்போது 80 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. குளத்துக்கு விடும்போது 35 டிகிரி அளவுக்கு ஆற்றிவிடுகிறார்கள். வாயில் பட்டால் உப்புக் கரிக்கும்.

ரோமானியர்கள் காலத்திலேயே இந்த ஊற்றுக்குப் பெயர் உண்டு. திபேரியஸ் சக்கரவர்த்தியாவதற்கு முன்னால் இந்த வழியாகப் போனபோது, குறி கேட்டு, சொன்னபடி தங்கப் பகடைகளை ஊற்றில் வீசினாராம். பெரிய எண்ணே விழுந்ததாம். தன் காலத்திலும் அந்தப் பகடைகள் தண்ணீருக்கடியில் தெரிந்தன என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது திறந்தவெளிக் குளம். குளிர்காலக் காலையில் கழுத்துக்குக் கீழே கதகதப்பு, மூக்கு நுனியில் ஜில்லிப்பு, எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு ஆவி. நீச்சல் தொப்பி கட்டாயம், மொட்டைத் தலைக்கும் விலக்கில்லை. வெந்நீரில் ரொம்ப நேரம் கிடந்தால் தலை சுற்றும். கால் மணிக்கு ஒருமுறை ஏறி உட்காருவது நல்லது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பாஸ்தா, ரிசொத்தோ என்ற குழைந்த அரிசிச் சாதம், காய்கறி என்று சைவர்கள் சமாளித்துவிடலாம். சூப்பில் மட்டும் மாமிசச் சாறு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஊரில் சந்தடி இல்லை. இளசுகளுக்குப் போரடிக்கும். பகலில் நேரமிருந்தால், கவிஞர் பெத்ரார்க்கா கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1374இல் இறந்த ஆர்க்குவா கிராமம் பக்கத்துக் குன்றில்தான் இருக்கிறது.

சரி, முழங்கால்? வலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஆர்க்குவாவின் ஏற்றத்தில் அம்மா எனக்கு முன்னால் நடந்தார்.