மீற்றரில் தெரிந்த கழித்தல் குறி

கார் ரேடியோ பாடாவிட்டால் எங்கள் ஊரில் முதல் குற்றவாளி ரேடியோதான். வேலணையிலிருந்து ஓர் அண்ணை தமது ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற்றைக் கொண்டுவந்தபோதும் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. கல்யாண வாடகைக்கு ஓடும் வண்டி. புதிதாக வாங்கிய புளூடூத் ரேடியோ செற்றைப் பூட்டியவுடன் பியூஸ் போகிறது. "செற் பழுது தம்பி, கடைக்காரனோடு சண்டை பிடிக்கப் போகிறேன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கள் அண்ணை" என்று சொல்லி, மீற்றரின் கறுப்பு முனையை வண்டியின் இரும்பில் வைத்துச் சிவப்பு முனையால் இக்னிஷன் வயரைத் தொட்டேன். 12.5 வோல்ற் காட்டியது. அதற்கு முன்னால் சிறிய கழித்தல் குறி ஒன்று. முன்பு பார்த்தவரும் "12 வோல்ற் சரியாக வருகிறது" என்றாராம். இலக்கத்தைப் பார்த்த மனிதர் குறியைப் பார்க்கவில்லை!

1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றறியின் நேர் முனைதான் ஏர்த், அதாவது வண்டியின் இரும்போடு இணைக்கப்பட்ட முனை. அதனால்தான் அந்தக் கழித்தல் குறி. மொறிஸ் மைனரும் அந்தப் பரம்பரைதான். இன்றைய செற்றுக்கோ மஞ்சள், சிவப்பு வயர்களில் நேர் வர வேண்டும். கறுப்பில் மறை (நெகற்றிவ்) வர வேண்டும். தலைகீழாகக் கொடுத்தால் உள்ளிருக்கும் காப்பு டயோட் மின்னைத் தன் வழியே இழுத்துப் பியூஸை எரித்துவிடும். ஆக, செற் பழுதில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பியூஸில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவிடும் வைத்தியர்களிடம் அகப்பட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

"வயரை மாற்றிக் கொடுத்தால் சரிதானே?" என்றார். மேசையில் வைத்தால் பாடும். வண்டியில் ஏரியலைச் செருகியவுடன் விபரீதம் தொடங்கும். ஏரியல் கேபிளின் வெளிவலை ஒரு பக்கம் செற்றின் கூட்டையும் மறு பக்கம் வண்டியின் இரும்பையும் தொடுகிறது. அது நேரடி ஷோர்ட். மஞ்சள் வயரிலுள்ள பியூஸ் அந்தப் பாதையிலேயே இல்லாததால் கறுப்பு வயர்தான் சூடேறும்.

ஆகவே வண்டியையே மறை ஏர்த்துக்கு மாற்றினோம். பற்றறியைத் திருப்பி வைத்து, பிளக்குகளுக்குப் பொறி தரும் கொயிலின் இரு சிறிய வயர்களையும் இடம் மாற்றினேன். பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் எஃப் முனையிலிருந்த (அதன் காந்தச் சுருளுக்குப் போகும் முனை) வயரைக் கழற்றிவிட்டு, பற்றறியின் நேர் முனையிலிருந்து ஒரு வயரால் கணநேரம் தொட்டெடுத்தேன். சிறு பொறி பறந்தது. டைனமோவின் காந்தமும் திசை மாறியது. ஸ்ராட்டருக்கும் விளக்குகளுக்கும் இதில் அக்கறையே இல்லை. பற்றறியின் நேர் முனை சற்றுத் தடிப்பு என்பதால் பழைய கிளாம்புகள் மட்டும் அடம்பிடித்தன.

பிறகு ரேடியோவில் 'டிக் டிக்' என்று ஓர் இரைச்சல். ஏரியலைப் பிடுங்கியதும் நின்றது. அப்படியென்றால் அது மின்வயர் வழியாக வரவில்லை. ஏரியலின் அடிப்பகுதியைக் கழற்றினால், தீவுப்பகுதி உப்புக்காற்று அங்கே பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் இரைச்சல் போய்விட்டது.

அவருடைய மகனுக்கு 400 வாற் அம்ப்ளிபயரும் வேண்டுமாம். அதற்கு 33 அம்பியருக்கு மேல் தேவை. இந்த டைனமோ ஓட்டத்தில் தருவதே ஏறத்தாழ 20. ஊர்வலத்தில் ஊரும்போது அதுவும் கிடையாது. மாப்பிள்ளையே இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்றேன். பையனின் முகம் வாடியது. அண்ணைக்கு மட்டும் அந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போனது.